செடியின் சத்தும் ரத்தக்குழாயும்: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருந்தியல் பாடம் நடத்துகிறவன் என்று தெரிந்தால் போதும், நாகர்கோவிலில் கல்யாணப் பந்தியில்கூட யாராவது ஒரு டப்பாவின் படத்தை போனில் காட்டி, "இது ரத்தக்குழாய்க்கு நல்லதாமே?" என்று கேட்பார்கள். மஞ்சள் கேப்சூல், கிராம்புத் தைலம், செம்பருத்தி டீ, ஏதோ ஒரு ஆன்டிஆக்சிடன்ட் பொடி. எல்லாவற்றுக்கும் பின்னால் ஓர் ஆராய்ச்சிச் செய்தி இருக்கும்: தாவர வேதிப்பொருள் ரத்தக்குழாய்ச் செல்களைக் காக்கிறது என்று. செய்தி பெரும்பாலும் பொய்யில்லை. ஆனால் அது நடந்தது ஆய்வகத் தட்டில். அந்தத் தட்டுக்கும் நம் சோற்றுத் தட்டுக்கும் நடுவே என்ன நடக்கிறது என்பதுதான் கீழே வரும் பதில்களில் பாதி.

ரத்தக்குழாய்ச் செல் என்று எதைச் சொல்கிறார்கள்?

ரத்தக்குழாயின் உள்பக்கம், ரத்தம் உரசிக்கொண்டு ஓடும் இடத்தில், செல்கள் ஒரே ஓர் அடுக்காகப் பரவியிருக்கும். எண்டோதீலியம் என்று பெயர். பெருந்தமனியிலிருந்து கால்விரல் நுனியில் இருக்கும் நுண்குழாய் வரை எல்லாவற்றுக்கும் இந்த உள்வரி உண்டு. ரொம்ப நாள் வரை இதை ரத்தம் கசியாமல் பார்த்துக்கொள்ளும் வெறும் படலம் என்றுதான் நினைத்திருந்தார்கள்.

அந்த நினைப்பை மாற்றியது முயலின் தமனித் துண்டு. நியூயார்க்கில் ராபர்ட் ஃபர்ச்காட் என்ற மருந்தியலாளர் தமனியை வெட்டித் தொங்கவிட்டு, அதன்மேல் அசிட்டைல்கோலின் என்ற மருந்தை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். சில துண்டுகள் தளர்ந்தன, சில சுருங்கின. ஒரே மருந்து, ஒரே முயல், எதிரெதிர் பலன். காரணம், வெட்டும்போது சில துண்டுகளின் உள்பக்கம் உரசித் தேய்ந்துவிட்டிருந்தது. உள்வரிச் செல்கள் இருந்தால்தான் குழாய் தளர்கிறது என்று 1980-இல் எழுதினார். அந்தச் செல்கள் வெளியிடுவது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு என்பது பிறகு தெரிந்தது. இதற்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த வாயு குழாயைத் தளர்த்தும், தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும், வெள்ளணுக்கள் சுவரில் ஒட்டி உள்ளே நுழைவதைத் தடுக்கும். ஆயுள் சில நொடிதான். அதனால் செல்கள் ஓயாமல் தயாரித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்றால்?

நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனில் ஒரு சிறு பங்கு சூப்பராக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற துடுக்கான வடிவங்களாக மாறுகிறது. செல்லின் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து கொஞ்சம் கசியும். இவற்றை உண்டாக்குவதற்கென்றே செல்லில் நொதிகளும் உண்டு. கொஞ்சமாக இருந்தால் இவை தேவையான சமிக்ஞைகள். அடக்கும் வேகத்தை விட உண்டாகும் வேகம் கூடினால் அதுதான் ஆக்சிஜனேற்ற அழுத்தம். இவற்றை அடக்கும் பொருளுக்குத்தான் ஆன்டிஆக்சிடன்ட் என்று பெயர்.

ரத்தக்குழாயில் இதன் முதல் பலி நைட்ரிக் ஆக்சைடு. சூப்பராக்சைடு அதைக் கண்ட மாத்திரத்தில் சேர்ந்து பெராக்சிநைட்ரைட்டாக மாறிவிடும். தளர்த்தும் வாயு குறைந்தது மட்டுமில்லை, அந்த இடத்தில் ஒரு நச்சுப்பொருளும் உண்டாகிவிட்டது. இன்னும் மோசம் என்னவென்றால், நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கும் நொதிக்குத் துணையாக ஒரு மூலக்கூறு வேண்டும். பெராக்சிநைட்ரைட் அதையும் கெடுக்கும். துணை இழந்த நொதி, நைட்ரிக் ஆக்சைடுக்குப் பதிலாகச் சூப்பராக்சைடையே தயாரிக்கத் தொடங்கும். காவல்காரனே களவுக்குப் போன கதைதான். கெட்ட கொழுப்பு என்று சொல்லும் எல்.டி.எல். சுவருக்குள் சிக்கி ஆக்சிஜனேற்றம் அடைவதும், அதை விழுங்கிய வெள்ளணுக்கள் கொழுப்புத் திட்டாகத் தேங்குவதும் இதற்கு அடுத்த கட்டம்.

இதைத் தூண்டுவது யார் என்றால் பழைய ஆட்கள்தான்: பீடி சிகரெட், கட்டுக்கடங்காத சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு.

செடிகளில் இருப்பது போய் அந்தத் துடுக்கான மூலக்கூறுகளைப் பிடித்து அழிக்கிறதா?

விளம்பரங்கள் அப்படித்தான் படம் போடுகின்றன. சோதனைக் குழாயில் அது நடக்கவும் செய்யும். உடம்பில் கணக்கு இடிக்கிறது. செல்லுக்குள் குளுட்டாதயோன் என்ற சொந்தக் காவல் மூலக்கூறு மில்லிமோலார் அளவில் இருக்கிறது. நாம் சாப்பிடும் பாலிஃபீனால்கள் என்ற தாவரப் பொருள்கள் ரத்தத்தில் வந்து சேரும் அளவு பெரும்பாலும் ஒரு மைக்ரோமோலாருக்கும் கீழே. ஆயிரத்தில் ஒன்று கூட இல்லாத ஆள் வந்து காவலுக்கு நின்று என்ன செய்துவிட முடியும்?

வேறு வழியில் செய்கின்றன. செல்லுக்குள் என்ஆர்எஃப்2 என்று ஒரு புரதம் இருக்கிறது. சாதாரண நேரத்தில் கீப்1 என்ற இன்னொரு புரதம் அதைப் பிடித்துவைத்து, உடனுக்குடன் அழிவுக்கு அனுப்பிவிடும். மஞ்சளின் குர்குமின், புரோக்கோலியின் சல்ஃபோராஃபேன் போன்றவை கீப்1-ஐச் சீண்டும். பிடி தளர்ந்ததும் என்ஆர்எஃப்2 உட்கருவுக்குப் போய், குளுட்டாதயோன் தயாரிக்கும் நொதிகள், ஹீம் ஆக்சிஜனேஸ் போன்ற பாதுகாப்பு மரபணுக்களை எழுப்பிவிடும். துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியதும் புயல் வருமுன்பே வள்ளங்களைக் கரையேற்றிக் கட்டுகிறோமே, அதைப்போல. கூண்டு புயலைத் தடுப்பதில்லை, ஆட்களைத் தயாராக்குகிறது.

இந்தப் பொருள்கள் பலவும் செடி தன்னைப் பூச்சியிடமிருந்தும் பூஞ்சையிடமிருந்தும் காத்துக்கொள்ளத் தயாரித்தவை. நமக்கு அவை மிக லேசான எரிச்சலூட்டிகள். அளவு கூடினால் எரிச்சல் நஞ்சாகும். இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லலாம்.

ஆய்வகத்தில் இதை எப்படிச் சோதிக்கிறார்கள்?

பிரசவம் முடிந்ததும் தூக்கிப் போடும் தொப்புள்கொடியில் இருந்துதான் தொடங்குகிறார்கள். கொடிக்குள் ஓடும் சிரையைக் கழுவி, கொலாஜனேஸ் என்ற நொதியை உள்ளே நிரப்பிக் கொஞ்ச நேரம் வைத்தால் உள்வரிச் செல்கள் கழன்று வரும். 1973 முதல் இந்த முறை நிலைபெற்று, இன்றும் உலகம் முழுக்க இதுதான் வழக்கம். அந்தச் செல்களைத் தட்டில் வளர்த்து, குழி குழியாகப் பிரித்து, சிலவற்றுக்கு மட்டும் முன்கூட்டியே செடிச்சாற்றைக் கொடுப்பார்கள். பிறகு எல்லாவற்றின்மேலும் ஹைட்ரஜன் பெராக்சைடு. மறுநாள் ஒரு மஞ்சள் நிறக் கரைசலைச் சேர்த்தால், உயிரோடிருக்கும் செல்கள் அதை ஊதா நிறமாக மாற்றும். எந்தக் குழியில் ஊதா அடர்த்தியோ அங்கே செல்கள் அதிகம் பிழைத்திருக்கின்றன என்று கருவி எண்ணாகச் சொல்லும். பார்க்க அழகான சோதனை. ஒரு மாணவருக்கு முதல் முறை ஊதா வந்த அன்று சந்தோஷத்தில் சாப்பிடவே தோன்றாது.

ஆனால் மூன்று இடத்தில் ஏமாறலாம். ஒன்று அளவு: தட்டில் போடுவது 10, 20, 50 மைக்ரோமோலார் என்று இருக்கும். சாப்பிட்டு ரத்தத்தில் அந்த அளவை எட்டுவது மிக அரிது. இரண்டாவது, உருவம். குடலும் கல்லீரலும் இந்த மூலக்கூறுகளோடு சல்ஃபேட்டையோ குளுக்குரோனைடையோ இணைத்துத்தான் அனுப்பும். தட்டில் சோதித்த ஆள் வேறு, ரத்தத்தில் வருகிற ஆள் வேறு.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. பாலிஃபீனால்கள் சிலவற்றை வளர்ப்புத் திரவத்தில் கலந்ததுமே, செல்லே இல்லாவிட்டாலும், அவை காற்றின் ஆக்சிஜனோடு வினைபுரிந்து தாங்களே ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குகின்றன. செல்கள் அதைப் பார்த்து உஷாராகி, பாதுகாப்பை ஏற்றிக்கொண்டு, பிறகு வரும் பெரிய தாக்குதலைத் தாங்குகின்றன. "சாறு காப்பாற்றியது" என்று எழுதிவிடுவோம். உண்மையில் காப்பாற்றியது தட்டில் மட்டுமே நடக்கும் ஒரு வேதிவினை. செல்லில்லாத குழியில் சாற்றை மட்டும் விட்டுப் பெராக்சைடு அளந்தார்களா என்று பார்க்காமல் இந்த வகைக் கட்டுரைகளை நான் நம்புவதில்லை.

மனிதரிடம் சோதிக்க வழியில்லையா?

உண்டு. ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் கட்டி 5 நிமிடம் இறுக்கி வைத்து, சட்டென்று விடுவிப்பார்கள். ரத்தம் பாய்ந்து வரும்போது நல்ல உள்வரிச் செல்கள் நைட்ரிக் ஆக்சைடை வெளியிட்டுக் கைத்தமனியை விரிக்கும். எவ்வளவு விரிந்தது என்று அல்ட்ராசவுண்டில் அளக்கலாம். ஆராய்ச்சிக்கு நல்ல கருவி. உங்களுக்கு இந்த டெஸ்ட் எடுக்கச் சொல்லி யாராவது பேக்கேஜ் விற்றால் அந்தக் காசுக்கு சர்க்கரை, கொழுப்பு, பி.பி. பார்த்துக்கொள்ளுங்கள்.

பால் சாயா நல்லதா, கட்டன் சாயா நல்லதா?

மேலே சொன்ன கைத்தமனிச் சோதனையை வைத்தே பெர்லினில் 16 பெண்களிடம் பார்த்து 2007-இல் வெளியிட்டார்கள். கட்டன் குடித்தபோது தமனி நன்றாக விரிந்தது. பால் சேர்த்தபோது அந்தப் பலன் காணாமல் போனது. பாலின் கேசின் புரதம் தேயிலையின் கேட்டசின் என்ற பாலிஃபீனால்களைப் பிடித்துக்கொள்வதாக விளக்கினார்கள். வேறு ஆய்வுகளில் பால் அவ்வளவு தடையாகத் தெரியவில்லை. 16 பேரை வைத்து நம் மாவட்டத்தின் சாயாக்கடைகளை மூட முடியாது. கட்டன் பிடிக்கும் என்றால் தாராளமாகக் குடியுங்கள், சீனியைக் குறையுங்கள்.

மஞ்சளோடு நல்லமிளகு சேர்த்தால் 20 மடங்கு பலன் என்கிறார்களே?

பலன் என்று யாரும் அளக்கவில்லை, உறிஞ்சப்படும் அளவு என்பதுதான் சரி. 1998-இல் பெங்களூரு ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட ஆய்வு அது. 2 கிராம் குர்குமினை மட்டும் கொடுத்தபோது ரத்தத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமே தெரியவில்லை. கூடவே 20 மில்லிகிராம் பைப்பரின், அதாவது நல்லமிளகின் காரப்பொருள், கொடுத்ததும் அளவு 2000 சதவீதம் கூடியது. ஒன்றுமில்லாததன் 20 மடங்கு எவ்வளவு என்று நீங்களே யோசியுங்கள்.

இன்னொன்று, அது 2 கிராம் குர்குமின், 2 கிராம் மஞ்சள் தூள் இல்லை. மஞ்சளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். சாளைக் குழம்புக்கு நாம் போடும் அரைத் தேக்கரண்டியில் சில பத்து மில்லிகிராம் இருக்கும். குழம்பில் நல்லமிளகும் தேங்காய்க் கொழுப்பும் சேர்வதால் உறிஞ்சக் கொஞ்சம் வசதி. அதற்குமேல் குழம்பை மருந்தாக்கப் பார்க்க வேண்டாம். குழம்பு குழம்பாகவே நன்றாகத்தான் இருக்கிறது.

பைப்பரின் கலந்த மஞ்சள் கேப்சூல் வேறு சமாசாரம். பைப்பரின், கல்லீரல் மற்ற மருந்துகளைக் கழிக்கும் வேலையையும் தடுக்கும். அதிக அளவு கேப்சூல்களால் கல்லீரல் வீங்கியவர்கள் பற்றிய மருத்துவக் குறிப்புகள் வந்துகொண்டிருக்கின்றன. குடம்புளியும் அப்படித்தான். மீன் குழம்பில் போட்டால் ருசி. உடல் இளைக்க என்று அதன் சாரத்தை கேப்சூலில் அடைத்து விழுங்கியவர்களில் சிலருக்குக் கல்லீரல் கெட்டிருக்கிறது.

நம் கிராம்புக்குத்தான் உலகிலேயே அதிக ஆன்டிஆக்சிடன்ட் மதிப்பெண்ணாமே?

குமரி மலைக் கிராம்பு புவிசார் குறியீடு பெற்ற சரக்கு, அதில் பெருமைப்படலாம். மாறாமலையில் விளைந்ததை விரல் நகத்தால் கீறினால் எண்ணெய் கசியும். அந்த எண்ணெயில் பெரும்பகுதி யூஜினால். மதிப்பெண் என்பது ஓ.ஆர்.ஏ.சி. என்ற சோதனைக் குழாய் எண். அந்த எண்ணுக்கும் உடம்பில் நடப்பதற்கும் சம்பந்தம் காட்ட முடியவில்லை, கம்பெனிகள் அதை விளம்பரத்துக்கு வளைக்கின்றன என்று சொல்லி அமெரிக்க வேளாண் துறை தன் பட்டியலையே 2012-இல் எடுத்துவிட்டது. அந்த எண் அச்சடித்த டப்பா இன்னும் விற்கிறது.

கிராம்புத் தைலத்தைக் குடிக்கக் கொடுக்காதீர்கள், குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது. கல்லீரலைத் தாக்கும்.

செம்பருத்தி டீ பி.பி.யைக் குறைக்குமா?

குறைத்த ஆய்வு உண்டு. 2010-இல் அமெரிக்காவில் வெளியானது. லேசாக அழுத்தம் கூடிய 65 பேர், தினம் 3 கோப்பை, 6 வாரம். குடித்தவர்களுக்கு மேல் அழுத்தம் சராசரியாக 7 புள்ளி இறங்கியது. ஆனால் அது நம் வேலியோரம் பூக்கும் செம்பருத்தி இல்லை. புளிச்சைக் கீரை இனத்துச் செடி ஒன்றின் சிவப்புப் புல்லிவட்டம். பூ உதிர்ந்தபின் காயைச் சுற்றிச் சதைப்பற்றாக, புளிப்பாக இருக்குமே, அது. இனம் ஒன்று, செடி வேறு. வேலிச் செம்பருத்தி இதழைக் கொதிக்கவைத்துக் குடிப்பதில் பெரிதாகக் கெடுதல் இல்லை, ஆனால் அந்த 7 புள்ளியை அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

கீரையில் என்ன இருக்கிறது?

நான் சிபாரிசு செய்கிற ஒன்று இதுதான், காசும் குறைவு. தண்டங்கீரை, பாலக், பீட்ரூட் இவற்றில் நைட்ரேட் அதிகம். விழுங்கியதும் குடல் உறிஞ்சி, அதில் ஒரு பங்கு எச்சிலில் திரும்ப வரும். நாக்கின் பின்பக்கம் வாழும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றும். உடம்பு அதிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கும். உள்வரிச் செல்கள் களைத்துப்போன இடத்தில் இது இன்னொரு வழி. கிருமிநாசினி மவுத்வாஷை நாளும் உபயோகித்தால் அந்த பாக்டீரியாக்கள் செத்து இந்த வழி அடைபடும். பீட்ரூட் சாறு பி.பி.யைக் கொஞ்சம் குறைப்பதைப் பல சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள்.

நைட்ரேட் தண்ணீரில் கரையும். அதனால் கீரையை வேகவைத்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். வடசேரிச் சந்தையில் காலையில் வந்து இறங்கும் கட்டில் ஒன்று வாங்கி, தேங்காய் போட்டுத் துவரன் (பொரியல்) வைத்தால் வேலை முடிந்தது. சிறுநீரகக் கல் இருப்பவர்கள் மட்டும் பாலக்கையும் பீட்ரூட்டையும் அடிக்கடி சேர்க்குமுன் டாக்டரைக் கேளுங்கள், ஆக்சலேட் அதிகம்.

அக்கானி (பதநீர்), கருப்பட்டி?

சீனியை விட ருசி, கொஞ்சம் தாது உப்புகள். பெரும்பகுதி சர்க்கரைதான். சர்க்கரை நோயாளியின் ரத்தக்குழாய்க்கு வெள்ளை, கறுப்பு பேதம் தெரியாது.

தேங்காய் எண்ணெய் சீக்கிரம் ஆக்சிஜனேற்றம் ஆகாது, அதனால் ரத்தக்குழாய்க்கு நல்லது என்கிறார்களே?

முதல் பாதி சரி. பூரிதக் கொழுப்பு 90 சதவீதத்துக்கு அருகில் இருப்பதால் சட்டியில் அது எளிதில் கெடாது. அந்தப் பூரிதக் கொழுப்பே ரத்தத்தில் எல்.டி.எல்.ஐ ஏற்றுகிறது. 16 சோதனைகளைத் தொகுத்து 2020-இல் வந்த ஆய்வில், மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் எல்.டி.எல். சுமார் 10 மில்லிகிராம் கூடியிருந்தது. சுவருக்குள் சிக்க ஆள் கூடுகிறது என்று அர்த்தம். தாளிக்க, அவியலுக்கு மேலே ஊற்ற ஒரு கரண்டி என்றால் நான் தடை சொல்லமாட்டேன். எனக்கும் அது இல்லாமல் அவியல் இறங்காது. கொழுப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பொரிப்பதற்கு அதை எடுக்க வேண்டாம். சாயாக்கடையில் பழம்பொரி மிதக்கும் கறுத்த எண்ணெய், எந்த எண்ணெயானாலும் சரி, வேண்டவே வேண்டாம்.

எங்க பாட்டா தினமும் வெற்றிலை போட்டு 90 வயது இருந்தார். வெற்றிலையிலும் ஆன்டிஆக்சிடன்ட் உண்டுதானே?

வெற்றிலையில் உண்டு. பாக்கில் புற்றுநோய் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2004-இல் பாக்கை, புகையிலை சேர்க்காவிட்டாலும், முதல் தரப் புற்றுநோய்க் காரணிகளில் சேர்த்துவிட்டது. பாட்டாவோடு வெற்றிலை போட்டு 50-இல் போனவர்களை நாம் எண்ணுவதில்லை.

ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை சாப்பிட்டால் என்ன தப்பு?

பெரிய அளவில் சோதித்துப் பார்த்தாயிற்று. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைப் பிரித்து, பீட்டா கரோட்டின், வைட்டமின் ஈ, வெற்று மாத்திரை என்று வருடக்கணக்கில் கொடுத்து, 1994-இல் முடிவு வெளியிட்டார்கள். பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம் வந்தது. 2000-இல் வெளிவந்த இன்னொரு பெரிய சோதனையில், வைட்டமின் ஈ மாரடைப்பைத் தடுக்கவில்லை.

கோகோவில் இருக்கும் ஃபிளவனால் என்ற பாலிஃபீனால் கொஞ்சம் வித்தியாசம். அமெரிக்காவில் 21,442 முதியவர்களில் பாதிப் பேருக்குத் தினம் 500 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்து 2022-இல் வெளியிட்டார்கள். மாரடைப்பு, பக்கவாதம் எல்லாம் சேர்ந்த மொத்தக் கணக்கில் தெளிவான குறைவு இல்லை. இதயநோயால் வந்த மரணம் மட்டும் 27 சதவீதம் குறைவு. முதன்மைக் கேள்விக்குப் பதில் 'இல்லை' என்று வந்தபின் துணைக் கேள்வியில் வந்த 'ஆமாம்' இது. நம்பிக்கை தரும், ஆனால் மருந்துச்சீட்டு எழுதப் போதாது. கடைச் சாக்லேட்டில் அந்த அளவு ஃபிளவனால் கிடைக்காது, சீனி கிடைக்கும்.

மருந்துவாழ்மலைப் பச்சிலை, காணிகளின் ஆரோக்கியப்பச்சை எல்லாம்?

அகத்தியமலைக் காணி மக்கள் காட்டில் களைப்புத் தீர மென்ற ஆரோக்கியப்பச்சையிலிருந்துதான் கேரளத்தில் 'ஜீவனி' என்ற மருந்து வந்தது, வருமானத்தில் அவர்களுக்குப் பங்கும் போனது. அது களைப்புக்கான மருந்து, ரத்தக்குழாய்க்கு என்று யாரும் சொன்னதில்லை. மலையில் பறித்ததாகச் சொல்லி ரோட்டோரம் விற்கும் பச்சிலையைப் பொறுத்தவரை என் கவலை ஒன்றுதான்: விற்பவர் சொல்லும் செடிதானா அது?

ஆசான் (நாட்டு வைத்தியர்) கொடுத்த கஷாயத்தையும் ஆஸ்பத்திரி மாத்திரையையும் சேர்த்துச் சாப்பிடலாமா?

இரண்டு பேருக்கும் மற்றவர் கொடுத்தது தெரிந்திருந்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம். மறைப்பதுதான் ஆபத்து. குறிப்பாக நான்கு இடத்தில் கவனம் வேண்டும்.

கஷாயத்தில் அதிமதுரம் இருந்து அதை வாரக்கணக்கில் குடித்தால் பி.பி. ஏறும், பொட்டாசியம் இறங்கும். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது இரட்டை அடி. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் கீரையை விடவும் வேண்டாம், திடீரென்று கூட்டவும் வேண்டாம். ஒரே அளவில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் வைட்டமின் கே கூடினால் மருந்தின் வேகம் குறையும். அதே ஆட்கள் மஞ்சள் கேப்சூல், பூண்டு கேப்சூல் பக்கமே போகாமல் இருப்பது நல்லது, ரத்தக்கசிவு கூடலாம். கிரேப்ஃப்ரூட் பழம் சில கொழுப்பு மாத்திரைகளையும் நிஃபெடிபின் போன்ற பி.பி. மாத்திரைகளையும் ரத்தத்தில் அளவுக்கு மீறித் தேக்கிவிடும். அதன் உறவான பம்ப்ளிமாசிலும் அந்த வகைப் பொருள்கள் இருப்பதால், வீட்டில் மரம் நின்றால் மாத்திரைச் சீட்டை மருந்தாளரிடம் காட்டிக் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

அடுத்த முறை ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கஷாயப் பாட்டிலையும் பையில் போட்டுக்கொண்டு போய் டாக்டர் மேசைமேல் வையுங்கள். லேபிள் இல்லாத பாட்டில் என்றால் என்னென்ன மூலிகை சேர்ந்தது என்று ஆசானிடமே ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.